தாய்மாமனின் கடவுச்சீட்டுக்குப் பத்து வயது

என் பிரிட்டிஷ் கடவுச்சீட்டின் காலாவதித் திகதி 9 டிசெம்பர் 2025. அக்கா மகளின் சாமத்தியச் சடங்குக்குப் பாரிஸ் வெளிக்கிட்டது ஜூன் 18, புதன்கிழமை. இன்னும் ஐந்தரை மாதம் கிடக்கிறதே என்ற தெம்பில்தான் பெட்டி கட்டினேன். லூட்டன் விமான நிலையக் கவுண்டரில் இருந்த பிள்ளை காலாவதித் திகதியைப் பார்க்கவேயில்லை. அதற்கு மேல் வரியில் விரலை வைத்தாள். வழங்கிய திகதி, 9 மார்ச் 2015. "பத்து வருஷம் தாண்டிவிட்டது, உங்களை ஏற்ற முடியாது."

பக்கத்தில் அம்மா நின்றா. அவவிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. நான் இரண்டு மாதமாக அலைந்ததெல்லாம் அவவுக்காகத்தான். ஷெங்கன் விசாவுக்கு, அதாவது பிரான்ஸ் உட்பட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவுக்கு, 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, அக்கா அங்கே நகரசபையில் 30 யூரோ முத்திரை கட்டி எடுத்து அனுப்பிய தங்குமிடக் கடிதம் என்று கோப்பே தடித்துப் போயிருந்தது. அதில் ஒரு ஓட்டையும் இல்லை. அம்மாவும் மனிசியும் பிள்ளைகளும் ஏறிப் போனார்கள். பிரிட்டிஷ் பிரஜை நான் பெட்டியோடு வீடு திரும்பினேன். "உன்னுடையதையும் ஒருக்காப் பார்த்திருக்கலாம் தம்பி" என்று மட்டும் அம்மா சொன்னா.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் விசாரிக்காமல் இல்லை. இரண்டு கிழமைக்கு முன் விமானக் கம்பனிக்கு அடித்துக் கேட்டேன். "மூன்று மாதம் இருந்தால் போதும் சேர்" என்றார்கள். இணையத்தில் செக்-இன் செய்தபோதும் காலாவதித் திகதியை மட்டும்தான் கேட்டது, போர்டிங் பாஸும் தந்தது. கவுண்டரில் மன்றாடிப் பிரயோசனம் இல்லை. தகுதியில்லாத ஆளை ஏற்றினால் கம்பனிக்கு அபராதம். டிக்கெட் காசும் திரும்பி வராது. பயணக் காப்புறுதிக்காரரும் கையை விரித்துவிட்டார்கள்.

இதிலே இரண்டு விதி இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஷெங்கன் நாட்டுக்குள் போகும் நாளில் கடவுச்சீட்டு வழங்கிப் பத்து வருஷம் ஆகியிருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2018 செப்டெம்பருக்கு முன் நேரத்தோடு புதுப்பித்தவர்களுக்கு, பழையதில் மிஞ்சிய மாதங்களை ஒன்பது வரை புதியதில் கூட்டித் தந்தார்கள். எனக்கும் ஒன்பது மாதம் சும்மா கிடைத்தது என்று அப்போது புளுகம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, அந்த ஒன்பது மாதத்தில் பிரான்சுக்குள் போக முடியாது. மேலட்டையில் 'ஐரோப்பிய ஒன்றியம்' என்று பொன் எழுத்தில் பொறித்த புத்தகம் அது! ஒன்றிய நாடுகளில் அயர்லாந்துக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லை.

சரி, ஞாயிறு சடங்கு. தண்ணி வார்க்கத் தாய்மாமன் வேண்டும். அக்கா தொலைபேசியில் அழுகிறா. விமான நிலையத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தே கடவுச்சீட்டு அலுவலகத்தின் அவசர சேவைக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். 222 பவுண். சாதாரணமாக இணையத்தில் புதுப்பித்திருந்தால் அப்போது 94.50 தான். இந்தச் சேவையிலும் குறைந்தது இரண்டு நாள் கழித்துத்தான் நேரம் தருவார்கள். லண்டனில் ஒன்றும் இல்லை. பக்கத்தை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ பீற்றர்பரோவில் வெள்ளி காலை ஓர் இடம் விழுந்தது. இப்படி அகப்பட்டால் லண்டனையே பிடித்துத் தொங்காதீர்கள். டர்ஹம், லிவர்பூல், நியூபோர்ட், கிளாஸ்கோ எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். பழைய கடவுச்சீட்டைக் கட்டாயம் கொண்டு போங்கள். எனக்குப் புதியது அரை மணித்தியாலத்துக்குள் கைக்கு வந்தது.

சனி காலை செயின்ற் பாங்கிராஸில் ரயில். பிரெஞ்சுப் பொலிஸ் அங்கேயே, லண்டனிலேயே இருந்து பார்க்கிறார்கள். தங்குமிடக் கடிதம், திரும்பும் டிக்கெட், வங்கிக் கூற்று எல்லாம் அடுக்கிக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. புது நீலப் புத்தகத்தின் முதல் வெற்றுப் பக்கத்தில் முத்திரை குத்தித் தந்தார்.

மறுநாள் தேங்காயும் உடைத்து, பாலும் அறுகும் வைத்துத் தண்ணி வார்க்கக் குனிந்தபோது மருமகள் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, இது எப்ப முடியுது?"

"2035 ஜூன்" என்றேன். முதலில் பார்த்தது வழங்கிய திகதியை.