நான்கு நிமிடப் பேச்சாளர்கள்

பிப்ரவரி 3

இரண்டு வாரமாக முதல் உலகப் போர்க்கால அமெரிக்காவைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். 1916 நவம்பர் தேர்தலில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் மறுபடி ஜெயித்ததற்கு, நாட்டைப் போரில் சிக்கவிடாமல் காத்தவர் என்ற பிரச்சாரம் பெரிய காரணம். ஐந்தே மாதத்தில், 1917 ஏப்ரல் 6 அன்று, ஜெர்மனி மீது போர் அறிவிப்பு! போர் வேண்டாம் என்று நம்பி ஓட்டுப் போட்ட ஜனங்களை இப்போது போருக்குத் தயார் செய்தாக வேண்டும். ஒரே வாரத்தில் பொதுத் தகவல் குழு என்று ஒன்றை அமைத்து, ஜார்ஜ் கிரீல் என்ற பத்திரிகையாளரைத் தலைவராக்கினார்கள்.

பிப்ரவரி 5

அந்தப் போர்க்காலப் போஸ்டர்கள் எல்லோருக்கும் தெரியும், அமெரிக்காவின் உருவகமாக விரல் நீட்டும் அங்கிள் சாம் தாத்தா உட்பட. எனக்கு அதைவிடப் பயங்கரமாகத் தெரிவது கிரீலின் குழு இறக்கிவிட்ட 'நான்கு நிமிட மனிதர்கள்'. அப்போது சினிமா கொட்டகையில் ரீல் மாற்ற ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும், அந்த இடைவெளியில் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுந்து பேசுவார். அவர் ஊருக்குத் தெரிந்த வக்கீலாகவோ பேங்க்காரராகவோ இருப்பார், சம்பளம் கிடையாது. ஆனால் இந்த வாரம் எதைப் பேசுவது, கட்டாய ராணுவ சேவையா, போர்க்கடன் பத்திரமா, உணவுச் சிக்கனமா என்பதெல்லாம் வாஷிங்டனிலிருந்து அச்சடித்த குறிப்பாக வந்துவிடும். இப்படி நாடு முழுக்க சுமார் 75,000 பேர். அரசாங்கம் சொன்னால் சந்தேகப்படுகிறவன்கூட பக்கத்துத் தெரு வக்கீல் சொன்னால் தலையாட்டுவான், அதைச் சரியாகப் புரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பிப்ரவரி 8

சரி, விளைவு என்ன? பல ஊர்ப் பள்ளிகளில் ஜெர்மன் பாடத்தையே நிறுத்தினார்கள். 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலம் காலின்ஸ்வில்லில், ஜெர்மனியில் பிறந்த ஒரு தொழிலாளியை உளவாளி என்று சந்தேகித்து ஒரு கும்பல் மரத்தில் தூக்கிலிட்டது. வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை. கொன்றவர்கள் எதிரி நாட்டுக்காரர்கள் இல்லை, அதே ஊர்க்காரர்கள்.

பிப்ரவரி 9

எதிர்த்துப் பேசினால்? சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் 1918 ஜூனில் ஒஹாயோவின் கேன்டனில் போரைக் கண்டித்து ஒரு கூட்டத்தில் பேசினார், பத்து வருடச் சிறை. அதே நவம்பரில் போர் முடிந்தது. 1919-ல் கிரீலின் குழுவையும் கலைத்துவிட்டார்கள். டெப்ஸை மட்டும் விடவில்லை, சிறையில் இருந்தபடியே 1920 ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். மன்னிப்புக் கேட்டு அவருக்காக வந்த கோரிக்கையை வில்சன் நிராகரித்தார். அடுத்து வந்த ஜனாதிபதி ஹார்டிங்தான் 1921 டிசம்பரில் அவரை வெளியே விட்டார்.