பண்ணைக்கீரை: பூக்கும் முன்பே பறிக்கணும்

மானாவாரிக் காட்டில் களையாகத் தானே முளைக்கும் கீரை பண்ணைக்கீரை. பூ வந்தபிறகுதான் பலருக்கு அது கண்ணில் படுகிறது. நுனி இளஞ்சிவப்பும் அடி வெள்ளியுமாக நிமிர்ந்து நிற்கும் கதிரைப் பார்த்துப் பறித்துப்போகிறார்கள்; வாயில் நார் நாராகச் சிக்கியதும் கீரையைக் குறை சொல்கிறார்கள். கதிர் தலைகாட்டிவிட்டால் தண்டு முற்றும், புது இலை சிறுத்துப்போகும். அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் மசியாது.

அதனால் பூத்த செடியைக் கண்டால் இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கதிரை உள்ளங்கையில் கசக்கினால் கடுகைவிடச் சின்னதாக, கருகருவென்று மினுமினுக்கும் விதை கொட்டும். அது அங்கேயே விழுந்து அடுத்த மழைக்கு முளைத்துவிடும். கம்பு, சோளம், நிலக்கடலை போட்ட மானாவாரிக் காட்டில் முதல் களையெடுப்புச் சமயம்தான் நல்ல பறிப்பு. செடி ஒரு சாண் இருக்கும்போது நுனியைக் கிள்ளுங்கள். பக்கக்கிளை வெடித்து இன்னொரு முறையும் கிடைக்கும். களைக்கொல்லி அடித்த காட்டில் ஓர் இலைகூடத் தொடவேண்டாம்.

பூ இல்லாமல் அடையாளம் காண, இலை அடுக்கைப் பாருங்கள். பண்ணைக்கீரையில் வழுவழுப்பான ஈட்டி இலை தண்டில் மாறிமாறி ஒவ்வொன்றாக இருக்கும். நாயுருவி என்ற களைச்செடிக்கு இலை எதிரெதிரே ஜோடியாக இருக்கும். கணுவில் முள் இருந்தால் அது முள்ளிக்கீரை. அதுவும் சமைக்கிற கீரைதான். தோட்டத்துக் கோழிக்கொண்டை இதே இனம்தான், பூவுக்காக வளர்க்கும் வகை.

நாலு பேருக்கு மசியல் செய்ய ஆய்ந்த இலை கால் கிலோ, துவரம்பருப்பு 75 கிராம், சின்ன வெங்காயம் 10, பூண்டு 5 பல், பச்சைமிளகாய் 3 போதும். கீரையைக் கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் மூடாமல் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இதில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும், காறலும் குறையும். பருப்பு பாதி வெந்ததும் வெங்காயம், பூண்டு, மிளகாய், சீரகம் சேருங்கள். பருப்பு குழைந்தபின் கீரையைப் போட்டு இரண்டு கொதி விட்டு, மத்தால் கடையுங்கள். கோலிக்குண்டு அளவு புளியைக் கரைத்துக் கடைசியில்தான் ஊற்றணும். முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாமல் விறைத்து நிற்கும், கடைந்தாலும் திப்பி திப்பியாக இருக்கும். தாளிக்க நல்லெண்ணெய், கடுகு, உளுந்து, வரமிளகாய். வெங்காய வடகம் கிடைத்தால் விடாதீர்கள், கம்பஞ்சோற்றுக்கு அந்த மணம்தான் பொருத்தம்.

சிறுநீரகக் கல் இருந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினாலும் ஆக்சாலிக் அமிலம் முழுக்கப் போய்விடாது.