ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுக்கு வைத்தியம்: ஐப்பசி முதல் தை வரை

அக்டோபர் 19

கோவையில் விடாத மழை. பால்கனிக்குள் சாரல் அடிக்கிறது, ஈரம் காயவே இல்லை. காலையில் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டின் பெரிய விசிறியில் (ஒரே அடியிலிருந்து விரிகிற இலைக்கொத்தைத்தான் விசிறி என்கிறேன்), நடு இலையில், மிளகளவு ஒரு புள்ளி. நீர் கோத்திருக்கிறது. இலையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் எண்ணெய்க் காகிதம் போலத் தெரிகிறது. சுற்றிலும் மெல்லிய மஞ்சள் வளையம். சாயங்காலம் பார்க்கும்போது நடுப்பகுதி பழுப்பாகிக் கொஞ்சம் குழிந்துவிட்டது.

பூஞ்சைப் புள்ளி இவ்வளவு அவசரப்படாது. காய்ந்த வட்டமாக, மெதுவாகத்தான் பெரிதாகும். இது பாக்டீரியாவாகத்தான் இருக்கும்.

செடி ஏற்கெனவே நோஞ்சான். மஸ்கட்டுக்குப் போகும்போது நாத்தனார் என்னிடம் விட்டுப்போனது. அவள் வீட்டில் போர் தண்ணீர். உப்பில் இலை நுனியெல்லாம் கருகித்தான் வந்தது. இங்கே சிறுவாணித் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்த பிறகு புது இலைகளாவது நுனி கருகாமல் வருகின்றன.

அக்டோபர் 20

வெட்டியாயிற்று. பழுப்பு முடிகிற இடத்தில் வெட்டினால் போதாது. பச்சையாகத் தெரிகிற பகுதிக்குள்ளும் கிருமி போயிருக்கும். அதனால் நல்ல இலையையும் அரை அங்குலத்துக்கு மேல் சேர்த்தே வெட்டினேன். புது பிளேடு, அதையும் கேஸ் அடுப்பில் காட்டி ஆறவைத்து. அந்த பிளேடு நேராகக் குப்பைக்கு.

மெடிக்கலில் கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து வெட்டுவாயில் ஒற்றினேன். நுரைத்து அடங்கியது. துடைத்துவிட்டு, மிக்ஸியில் அரைத்த சமையல் பட்டைத் தூளைத் தடவினேன். பட்டை ஈரத்தை உறிஞ்சிக் காயத்தைச் சீக்கிரம் உலரவைக்கும். அதனாலேயே வேரில் படவிடக் கூடாது, வேரையும் உலர்த்திவிடும்.

தொட்டி இப்போது ஹாலில், மேஜை ஃபேன் எதிரே. மற்ற செடிகளிடமிருந்து தள்ளி.

அக்டோபர் 22

ராத்திரி கரண்ட் இல்லை, ஃபேனும் இல்லை. விடிந்து பார்த்தால் அதே விசிறியின் அடுத்த இலையில், குருத்தோடு சேர்கிற மடிப்பில், கருப்பு. அழுத்தினால் பழுப்பு நீர் கசிகிறது. மோந்து பார்த்தேன், நாற்றம் இல்லை. எர்வினியா என்கிற பாக்டீரியாவின் அழுகலாக இருந்தால் அழுகிய வாடை வரும், இந்நேரம் முழு விசிறியும் கூழாகியிருக்கும். இது ஆசிடோவோராக்ஸ் என்கிற இன்னொரு பாக்டீரியா உண்டாக்கும் பழுப்பழுகல் வகை என்று நினைக்கிறேன். கொஞ்சம் நிதானமான எதிரி. ஆனால் குருத்தைத் தொட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

மற்ற ஆர்க்கிட் பலவற்றுக்கு அடியில் தடித்த தண்டுக்கிழங்கு இருக்கும், இலை போனாலும் அதிலிருந்து பிழைத்துக்கொள்ளும். பாஃபியோபெடிலத்துக்கு, அதாவது இந்த ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுக்கு, அந்தச் சேமிப்பே கிடையாது. இலையும் வேரும்தான் மொத்தச் சொத்து.

மதியம் பெரிய விசிறியை அடியோடு எடுத்துவிட்டேன். அது போன வருடமே பூத்து முடித்தது. இந்தச் செடியில் ஒரு விசிறி ஒரு முறைதான் பூக்கும், பிறகு பக்கத்துக் கன்றுக்குச் சாப்பாடு போடுகிற வேலைதான். அந்தச் சாப்பாடு நின்றுபோகும் என்பதுதான் வருத்தம். மிச்சம்: நடுத்தரமாக ஒரு விசிறி, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கன்று.

அக்டோபர் 23

மருந்து வாங்க உரக்கடைக்குப் போனேன். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்கிற செம்பு மருந்தைக் கேட்டதும் கடைக்காரர், "எத்தனை ஏக்கருங்க?" என்றார்.

"ஏக்கர் இல்லீங்கண்ணா, ஒரே ஒரு தொட்டி."

"தொட்டின்னா... தண்ணித் தொட்டிங்களா?"

"பூந்தொட்டிங்க."

அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. இருந்ததிலேயே சின்ன பாக்கெட்டைத் தேடி எடுத்துத் தந்தார். அதுவே என் ஆயுசுக்கும் வரும். ஆன்டிபயாடிக் பொடியும் சேர்த்துப் போடலாம் என்றார், வேண்டாம் என்றேன். ஒற்றைத் தொட்டிக்காக மனுஷருக்குக் கொடுக்கிற மருந்தைச் சாக்கடையில் கழுவிவிட எனக்கு மனசு வரவில்லை.

லிட்டருக்கு 2 கிராம் கலந்து, கையுறை போட்டு, இலையின் இரு பக்கமும் அடித்தேன். அடித்த பிறகு செடியைக் கவிழ்த்துப் பிடித்துக் குருத்தில் தங்கிய நீரை வடித்து, மிச்சத்தை டிஷ்யூ தாளின் முனையைத் திரித்து உறிஞ்சி எடுத்தேன். இது முக்கியம். மருந்துத் தண்ணீரும் தண்ணீர்தான்.

தெரிந்தவர் ஒருவர் அலியெட் என்கிற பூஞ்சை மருந்தையும் இதோடு கலந்து அடிக்கச் சொன்னார். கூடவே கூடாது. அலியெட் அமிலத்தன்மை உள்ளது. செம்பு அதிகமாகக் கரைந்து இலையைப் பொசுக்கிவிடும்.

அக்டோபர் 27

புது புள்ளி இல்லை. வெட்டுவாய் காய்ந்து காகிதம் மாதிரி ஆகிவிட்டது. நானும் தொடவில்லை.

நவம்பர் 5

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பழைய தேங்காய் மட்டைத் துண்டெல்லாம் மக்கி, பிழிந்தால் தண்ணீர். மழைக்காலத்தில் இது வேருக்குக் காற்றே விடாது.

இந்தச் செடியின் வேரே பழுப்பு நிறம், மேலே பூனைமயிர் போல ரோமம். ஃபெலனாப்சிஸ் என்கிற வேறு வகை ஆர்க்கிட்டை வளர்த்துப் பழகியவர்கள் "ஐயோ, அழுகிப்போச்சு" என்று நல்ல வேரையும் கத்தரித்துவிடுவார்கள். நிறத்தைப் பார்க்கக் கூடாது, நசுக்கிப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் உயிர். தோல் உருவி உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் போனது. நல்ல வேர் நான்கு தேறியது, இவ்வளவு பட்ட செடிக்கு அது தாராளம்.

சின்னத் தொட்டி. பொடிப் பைன் பட்டை, கரி, கொஞ்சம் பெர்லைட் (வெள்ளையான, லேசான குருணை). வேர் குறைவு என்பதால் பெரிய தொட்டி ஆகாது, நடுவில் ஈரம் தேங்கும். அடி மட்டும் கலவையில் உட்கார்கிற மாதிரி வைத்தேன்.

நவம்பர் 18

தண்ணீர் காலையில் மட்டும், தொட்டி ஓரமாக. உரம் கிடையாது. நோயில் இருக்கிற செடிக்கு உரம் கொடுக்கச் சொல்கிறவர்கள் காய்ச்சல்காரருக்கும் பிரியாணி வாங்கித் தருவார்களோ என்னவோ.

இன்னொரு முறை காப்பர் அடித்தேன், இதோடு நிறுத்தம். பார்க்கப்போனால் மருந்தைவிட மேஜை ஃபேனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இலை ராத்திரிக்குள் காய்ந்துவிட்டால் இந்தக் கிருமிக்குப் பரவ வழியில்லை. கரண்ட் போனால் ஓட இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் போடச் சொன்னேன். "செடிக்கு இன்வெர்ட்டரா?" என்றார் வீட்டுக்காரர். போட்டும் கொடுத்தார்.

டிசம்பர் 10

கன்றில் புது இலை. கட்டம் கட்டமான தேமல் இப்போதே தெரிகிறது. இப்படித் தேமல் இலை உள்ளவைதான் நம் சமவெளி வெப்பத்தை ஓரளவு தாங்கும். இது மௌடியே என்கிற கலப்பின வகை. அந்த முதல் கலப்பினத்தை 1900இல் இங்கிலாந்தில் சார்ல்ஸ்வொர்த் பதிவு செய்தார். பெற்றோரான கலோசமும் லாரன்சியானமும் தென்கிழக்காசியக் காட்டுச் செடிகள்.

தென்னிந்தியாவுக்கென்று ஒரே ஒரு ஸ்லிப்பர் ஆர்க்கிட் உண்டு, அகத்தியமலையில் வளரும் 'ட்ரூரியை' என்கிற செடி. மஞ்சள் பூ, நடுவில் கரும்பழுப்புக் கோடு. சேகரிப்பவர்கள் பிடுங்கிப் பிடுங்கியே அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள். பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதுமே சைட்டிஸ் என்கிற, காட்டு உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. "காட்டிலிருந்து எடுத்தது" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஜனவரி 16

பொங்கலுக்கு வந்த கீழ்வீட்டு அக்கா செடியைப் பார்த்துவிட்டு, "எனக்கொரு கன்று பிரிச்சுக் குடு கண்ணு" என்றார். பிரிக்கிற ஒவ்வொரு பங்குக்கும் குறைந்தது இரண்டு மூன்று விசிறி வேண்டும், இதில் இருப்பதே ஒன்றரைதான், இப்போது கை வைத்தால் இரண்டும் போய்விடும் என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. அடுக்குச் செம்பருத்தியில் ஒரு குச்சி வெட்டிக் கொடுத்து அனுப்பினேன், வேறு பிளேடால்.