நாணல் படுகைக்கு அடியில் நடப்பது

நாணல் போன்ற செடிகளை நட்ட சரளைப் படுகை வழியே செலுத்திக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் செயற்கை ஈரநிலம் என்றதும் பலர் செடிகளையே நினைக்கிறார்கள். ஆனால் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது சரளைக்கற்களின் மீதும் வேர்களின் மீதும் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலம்தான். இத்துறைக்கு வித்திட்டவர், 1950களில் நீர்த்தாவரங்களைக் கொண்டு ஆய்வுகளைத் தொடங்கிய ஜெர்மானிய அறிவியலாளர் கேத்தே சைடல்.

வடிவமைப்பில் என்னை மிகவும் ஈர்ப்பது நைட்ரஜனை நீக்கும் முறை. அம்மோனியா நைட்ரேட்டாக மாற ஆக்சிஜன் வேண்டும். அந்த நைட்ரேட் வாயுவாகி வெளியேறவோ ஆக்சிஜன் அற்ற சூழலும் கரிமப் பொருளும் வேண்டும். ஆகவே, நீரை இடைவெளி விட்டு மேலிருந்து பாய்ச்சிக் காற்றுப் புக வழிவிடும் செங்குத்துப் படுகையை முதலிலும், எப்போதும் நீர் நிறைந்திருக்கும் கிடைமட்டப் படுகையை அடுத்தும் அமைத்து, தேவைப்பட்டால் வெளிவரும் நீரில் ஒரு பங்கைத் தொடக்கத் தொட்டிக்கே திருப்பிவிடுகிறார்கள். பாஸ்பரஸ் அப்படியன்று, அது கற்களில் ஒட்டிக்கொள்கிறது, அவற்றின் கொள்திறனோ ஒருநாள் தீர்ந்துவிடும்.

சரளை அடைத்துக்கொள்வதே இவ்வமைப்பின் பெரும்பகை என்பதால், திடப்பொருளைப் படியவைக்கும், முன்னால் உள்ள வண்டல் தொட்டியைச் சிக்கனம் கருதிச் சுருக்குவதை நான் ஏற்கமாட்டேன். கிடைமட்டப் படுகையின் நீர்மட்டம் சரளைக்குச் சற்றுக் கீழே நின்றால் கொசுவும் பெருகாது.

மழை வழிநீரைத் தூய்மையாக்கும் ஈரநிலமானால், அந்நீர் திடீரெனப் பெருகி வருவதால், அதற்கு மண்ணைத் தடுக்கும் முன்குட்டையும் மிகைநீர் விலகிச் செல்லும் வாய்க்காலும் தேவை. வெளிவரும் நீரில் நோய்க்கிருமிகள் குறைந்திருக்குமே தவிர முற்றிலும் அழிந்திருக்காது. எனவே மரங்களுக்குச் சொட்டுநீராக அதை விடலாம், பச்சையாக உண்ணும் கீரைக்கு விடுவதாயின் முதலில் புற ஊதாக் கதிர் போன்ற கிருமிநீக்கம் அவசியம்.