மேடைக்கு முதுகு, கூட்டத்துக்கு முகம்

எஸ்.பி. முகமது இக்பாலை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் செங்கல்பட்டுப் பக்கம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், நான் கோவையில் காவலர். ஆனாலும் தலைவர்கள் வரும் பந்தோபஸ்துக்குப் போகும்போதெல்லாம் அவர் நினைவு வந்துவிடும்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் அவரும் ஒருவர். ராஜீவின் மெய்க்காவலர் பிரதீப் குமார் குப்தாவும் வேறு சில காவலர்களும் அதே குண்டுவெடிப்பில் போனார்கள். அவர்களெல்லாம் செய்திகளில் 'மேலும் பலர்' ஆகிவிட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. மாவட்ட எஸ்.பி. என்றால் தள்ளி நின்று வாக்கி டாக்கியில் உத்தரவு போட்டிருக்கலாம். இக்பால் தலைவருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அன்று கையில் மாலையோடு ராஜீவை நெருங்கிய, உடலில் குண்டு கட்டி வந்த தணுவை அனுசுயா என்ற பெண் காவல் அதிகாரி தடுத்தார். எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுங்கள் என்று ராஜீவே சொல்லிவிட்டார். அப்புறம் அனுசுயாவால் என்ன செய்ய முடியும்? காயத்தோடு உயிர் தப்பினார். பிரதமர் பதவி போனபின் ராஜீவுக்கு எஸ்.பி.ஜி. என்ற, பிரதமருக்கான சிறப்புப் படையின் பாதுகாப்பு விலக்கப்பட்டிருந்தது. முன்னாள் பிரதமர்களுக்கும் அது உண்டு என்று சட்டத்தைத் திருத்தியது அவர் இறந்த பிறகுதான்.

காவலரின் கை 'நில்' என்றால் தலைவரும் அதை மதிக்க வேண்டும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பிற்பாடு கோவை வ.உ.சி. மைதானத்தில் ஒரு கூட்டம். மேடைக்கு முன்னால் சவுக்குக் கம்பு கட்டிக் காலியிடம் விட்டிருந்தோம். மாலைகளை மேசையில் கிடத்தி, நார் முடிச்சுவரை விரலால் தடவிப் பார்ப்பது என் வேலை. சம்பங்கியும் ரோஜாவும் கசங்கி, விரலெல்லாம் ஈரமும் நாரும் ஒட்டியிருக்கும். கட்சிக்காரர் ஒருவர் ஒரு சிறுமியை மாலையோடு கூட்டி வந்தார். "ஏனுங்க சார், நம்ம ஊர்ப் புள்ளைங்க, பாவம், விடுங்க" என்றார். நான் விடவில்லை. அவர் நேரே தலைவரிடம் போய் முறையிட்டார். தலைவரோ, "அவங்க சொல்றபடி செய்யுங்க" என்றார். சோதித்து முடித்த மாலையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சிறுமியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

ஓய்வு பெறும்வரை, புதிதாக வரும் பிள்ளைகளை மேடைக்கு முதுகும் கூட்டத்துக்கு முகமுமாக நிறுத்தும்போது இக்பால், குப்தா பெயர்களைச் சொல்லித்தான் தொடங்குவேன். 1991-க்குப் பிறகு பிறந்தவர்கள் பலர். "அவங்க யாருங்க சார்?" என்பார்கள். கூட்டம் சேர இன்னும் நேரமிருந்தால், உட்காரவைத்து முழுக்கச் சொல்வேன்.