ஊர் காக்கும் கல்லூரிக் காடு

சென்ற மார்கழியில் காரைக்குடிக்குப் போனது செட்டிநாட்டு வீடுகளைப் பார்ப்பதற்காக அன்று. அருகிலுள்ள கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பிக்கும் நண்பர், வளாகத்தின் பின்புறம் கட்டடம் எழுப்பாமல் விட்டுவைத்திருக்கும் காட்டைப் பார்க்க வரும்படி இரண்டு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார்.

கல்விக்கு நிலம் கொடுப்பது இந்தச் சீமைக்குப் பழக்கமானதுதான். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். நண்பரின் கல்லூரிக்கும் நிலம் கொடையாக வந்ததுதான். ஆனால் அந்த நிலத்தில் இன்று காடு நிற்பதற்குக் காரணம் பக்கத்துச் சிற்றூர் என்பதை அங்கே போன பிறகே அறிந்தேன்.

செம்புரைக்கல் தெரியும் செம்மண்ணில் பாலை, வீரை, காசான், குருந்து ஆகியவற்றின் இளமரங்கள் தோளளவு வளர்ந்திருந்தன. இவற்றின் விதைகள் ஊரின் அய்யனார் கோயில்காட்டிலிருந்து வந்தவை. அக்காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அய்யனாருக்குப் பூசை செய்பவரும் புரவியெடுப்புக்கு மண்குதிரை செய்பவருமான வேளாரிடம்தான் நண்பர் முதலில் அனுமதி கேட்டிருக்கிறார். "கீழ விழுந்தத எடுத்துக்கங்க சார், மரத்துல மட்டும் கை வைக்காதீங்க" என்றாராம் பெரியவர். மாணவர்கள் இன்றும் தரையில் உதிர்ந்த பழங்களை மட்டுமே பொறுக்குகிறார்கள்.

இளமரங்களுக்கு இடம் கிடைத்த விதம் எனக்கு இன்னும் பிடித்திருந்தது. காட்டின் பெரும்பகுதியைச் சீமைக்கருவேலம் அடைத்திருந்தது. வெட்டினால் மட்டும் போதாது. தூரோடு தோண்டாவிட்டால் அடுத்த மழையிலேயே அது துளிர்த்துவிடும். தோண்டுவதற்குக் கல்லூரியிடம் பணம் இல்லை. ஊரில் கரிமூட்டம் போடும் குடும்பங்களுக்கோ விறகு தேவை. ஆகவே விறகு அவர்களுக்கு, தூர் பெயர்த்த குழி கல்லூரிக்கு என்று பேசி முடித்தார்கள். புதருக்குள் அடையும் பறவைகள் ஒரே நாளில் இடமிழந்துவிடாதபடி, ஆண்டுக்கு ஒரு பகுதியாகத்தான் அகற்றுகிறார்கள்.

காட்டுக்குள் இருக்கும் ஊரணிக்கு நீர் தரும் வரத்துக்கால் ஊர்ப் புஞ்சைகளின் வழியே வருகிறது. ஊரணி நிறைந்து வழிவது ஊர்க் கண்மாய்க்குப் போகிறது. மேலே கால்வாயை ஊரார் தூர்வாராவிட்டால் கல்லூரிக்கு நீரில்லை. கீழே கல்லூரி அடைத்துவிட்டால் கண்மாய்க்கு நீரில்லை. ஐப்பசி மழைக்கு முன் மாணவர்களும் ஊராரும் ஒரே நாளில் மண்வெட்டியோடு இறங்குகிறார்கள். இத்தனைக்கும், காட்டின் வாயிலில் உள்ள பெயர்ப்பலகையில் கல்லூரியின் பெயரும் கொடையாளர் பெயரும் மட்டுமே இருக்கின்றன. ஊரின் பெயரையும் அதில் எழுத வேண்டும் என்று நண்பரிடம் வற்புறுத்திச் சொன்னேன்.

மறுநாள் விடியற்காலையில், பறவை கணக்கெடுக்கப் புறப்பட்ட மாணவர்களோடு வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குச் சென்றேன். மதுரை–திருப்பத்தூர் சாலையை ஒட்டி, 38.4 ஹெக்டேர் பரப்பில் அமைந்த கண்மாய்கள் அவை. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக, அக்கண்மாய்களை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அதைப் போற்றி வனத்துறை அவர்களுக்கு இனிப்பு வழங்குகிறது. தன் பிள்ளை ஆசையோடு கேட்கும் ஒரு சரவெடியை மறுக்கும் தாயின் மனத்தை எண்ணிப் பார்க்கையில், இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றியது.

கரையில் நின்று நத்தைக்குத்தி நாரைகளையும் அரிவாள்மூக்கன்களையும் எண்ணிக்கொண்டிருந்தோம். எங்களோடு ஒட்டிக்கொண்ட உள்ளூர்ச் சிறுவன் ஒருவன், மாணவர் ஒருவரின் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தான். "அது குருட்டுக்கொக்கு இல்லண்ணே, வக்காக் குஞ்சு. பெருசானாத்தான் முதுகு கருக்கும்" என்றான். தொலைநோக்கியில் மீண்டும் பார்த்த மாணவர், எழுதியதை அடித்துவிட்டு, அடுத்த கிளையில் இருப்பது என்னவென்று அவனிடமே கேட்டார்.