காரீயத்தின் மேல் ஒரு சைக்கிள் பயணம்

"அப்பா, காட்டுக்குள்ள எதுக்கு இவ்வளவு நல்ல தார் ரோடு?"

ப்ளம்மர் என்ற ஊரை விட்டுக் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு பக்கமும் பைன் மரங்கள், நடுவில் மூன்று மீட்டர் அகலத்துக்கு வழவழவென்று தார்ப்பாதை. கார் கிடையாது, பைக் கிடையாது. பெடலை மிதிக்காமலே சைக்கிள் ஏரியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. "பழைய ரயில் பாதைம்மா, தண்டவாளத்தை எடுத்துட்டுத் தார் போட்டிருக்காங்க" என்றேன். அது பாதி பதில்தான். மீதியை அடுத்த இரண்டு நாட்களில் வழியே எங்களுக்குச் சொன்னது.

நாங்கள் ஓட்டிய இந்தக் கோர்டலேன் பாதை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், வட பகுதியில் இருக்கிறது. மேற்கே ப்ளம்மர், கிழக்கே மல்லன், இரண்டும் சிற்றூர்கள். இடையில் 117 கிலோமீட்டர், முழுக்கத் தார். சியாட்டில் பக்கம் இருக்கும் எங்களுக்குக் காரில் ஐந்தரை மணி நேரத் தூரம். மகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் ஜூன் கடைசியில் கிளம்பிவிட்டோம். காரை ப்ளம்மரில் விட்டுவிட்டு ஓட்டிப் போவது, மல்லனிலிருந்து சைக்கிளோடு ஏற்றிக்கொண்டு வர ஒரு வேனை முன்கூட்டியே பேசிக்கொள்வது என்று திட்டம். என் சைக்கிளில் கூடாரமும் சமையல் சாமானும், அவள் சைக்கிளில் துணியும் தூங்கும் பையும். முதல் நாளுக்குப் புளிசாதம் கட்டியிருந்தோம். புளிசாதம் கெடாது என்பதைவிட, மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு அதற்கு வரும் ருசிக்காகவே கட்டலாம்.

கோர்டலேன் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. இந்த மண்ணின் பூர்வகுடிகள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் வேறு. "இங்கே காணப்பட்டவர்கள்" என்பது அதன் பொருள். தோல் வாங்க வந்த பிரெஞ்சு வியாபாரிகள், பேரத்தில் இவர்களிடம் பாச்சா பலிக்காமல் "குத்தூசி நெஞ்சக்காரர்கள்" என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். கோர்டலேன் என்றால் அதுதான். பாதை தொடங்கும் ப்ளம்மர் அவர்களுடைய நிலத்துக்குள் இருக்கிறது. பாதையின் மேற்குப் பகுதியை இன்றும் அவர்களே பராமரிக்கிறார்கள்.

பத்து கிலோமீட்டர் இறங்கினால் ஏரி வந்துவிடும். அங்கே சாட்கோலெட் பாலம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாலம்; இப்போது படகுகள் அடியில் போவதற்காக நடுப்பகுதியை உயர்த்தியிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் சமதளம், மறுபடி ஏற்றம் என்று படி போல ஏறுகிறது. உச்சியில் நின்றோம். கீழே ஏரி அசையாமல் கிடந்தது. மரத்தூண் ஒன்றின் மேல் குச்சிக்கூடு கட்டி, விராலடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகு உட்கார்ந்திருந்தது. 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்த ஏரியின் தென்பகுதி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பூர்வகுடிகளுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தண்ணீருக்கு மேலேதான் நின்றுகொண்டிருந்தோம். ஒருவருடைய வீட்டு முற்றம் வழியாகப் போகிறோம் என்கிற எண்ணம் எனக்கு அங்கேயே வந்துவிட்டது.

அன்று இரவு ஹாரிசன். சில நூறு பேர் மட்டுமே வாழும் ஏரிக்கரை ஊர். ஒரு காலத்தில் மரம் அறுக்கும் ஆலைகள் நிறைந்திருந்த இடம்; 1917இல் பெரிய தீ விபத்து, அதற்குப் பிறகு பழைய பரபரப்பு திரும்பவில்லை. இப்போது பரபரப்பு என்றால் ஐஸ்கிரீம் கடை வாசலில்தான். சைக்கிளில் வருகிற அத்தனை பேரும் அங்கே நிற்கிறார்கள். ஹக்கில்பெரி என்று ஒரு காட்டுப் பழம் இந்த மலைகளில் விளைகிறது. அந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டதும் நாவல்பழம் தின்றதுபோல நாக்கு ஊதாவானது. மகள் நாக்கை நீட்டி நீட்டிக் காட்டினாள். ஏரி ஓரமாகக் கூடாரம் போட்டோம். இரவு ஒன்பது மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருந்தது.

மறுநாள் காலை ஹாரிசனிலிருந்து கிழக்கே போன அந்த நாற்பது கிலோமீட்டரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஒரு பக்கம் கோர்டலேன் ஆறு. அதையொட்டிச் சின்னச் சின்ன ஏரிகள், சதுப்பு நிலங்கள், அல்லி இலைகள். நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. ஓரிடத்தில் மூஸ் மான் ஒன்று தன் குட்டியோடு இடுப்பளவு நீரில் நின்று தண்ணீர்ச் செடியை மேய்ந்துகொண்டிருந்தது. சைக்கிளை நிறுத்தி, பேசாமல், அது நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிகிற வரை காத்திருந்தோம். தாய் மூஸ் கோபக்காரி, தூரமாக நிற்பதுதான் சரி.

அதற்குப் பக்கத்திலேயே ஓர் அறிவிப்புப் பலகை. தார்ப்பாதையை விட்டு இறங்காதீர்கள், சாப்பிடுமுன் கை கழுவுங்கள், ஆற்று நீரைக் குடிக்காதீர்கள், மண்ணில் காரீயம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது.

மகளுடைய முதல் கேள்விக்கான மீதிப் பதில் அங்கே இருந்தது. கிழக்கே இருக்கும் மலைப் பள்ளத்தாக்கில் 1880களிலிருந்து வெள்ளியும் காரீயமும் துத்தநாகமும் வெட்டினார்கள். தாதுவைப் பிரித்த பிறகு மிஞ்சிய கழிவை 1968 வரை நேராக ஆற்றில் விட்டார்கள். ரயில் பாதைக்கு அடியில் கொட்டிய சரளையிலும் அதே கழிவு. பெட்டிகளிலிருந்து சிந்திய தாது அதற்கு மேல். ரயில் போக்குவரத்து நின்றுபோனபோது வழி நெடுக நஞ்சு கிடந்தது. 1991இல் பூர்வகுடிகள் வழக்குத் தொடுத்தார்கள். கடைசியில் ரயில் நிறுவனம், மத்திய அரசு, மாநில அரசு, பூர்வகுடிகள் எல்லோரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மோசமான இடங்களில் மண்ணை வாரி எடுத்தார்கள். மற்ற இடங்களில் மேலே தார் போட்டு மூடினார்கள். 2004இல் பாதை திறக்கப்பட்டது. நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த தார் ஒரு மூடி.

ஈயம் என்றதும் மகளுக்குப் பாட்டி வீட்டு ஈயச்சொம்பும் ரசமும்தான் ஞாபகம் வந்தன. "அது வெள்ளீயம், இது காரீயம். பேர்தான் ஒண்ணு, குணம் வேற" என்று சொன்னேன். வசந்த காலத்தில் வடக்கே போகிற அன்னப் பறவைகள் இந்தச் சதுப்பில் இறங்கி, கிழங்குக்காகச் சேற்றைக் கிளறும்போது காரீயத்தையும் விழுங்கிவிடுகின்றன. வருடாவருடம் சில இங்கேயே செத்துப்போகின்றன. அதைக் கேட்ட பிறகு அவள் வெகுநேரம் பேசவே இல்லை.

மெடிமான்ட் தாண்டி என் பின்சக்கரம் பஞ்சர். சைக்கிளின் பக்கவாட்டில் மாட்டியிருந்த பானியர் பைகளை எல்லாம் கழற்றி, தாரின் ஓரத்திலேயே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டியூப் மாற்றினேன். புல் தரை ஓரடி தள்ளி இருந்தும் அதில் கால் வைக்க மனம் வரவில்லை. முடித்ததும், இருந்த குடிநீரில் பாதியைக் கை கழுவவே செலவழித்தோம். இந்தப் பகுதியில் கடையோ குழாயோ சுலபத்தில் கிடைக்காது. யாராவது போவதாக இருந்தால் தண்ணீரை ஹாரிசனிலேயே கூடுதலாக நிரப்பிக்கொள்ளுங்கள், கழுவுவதற்கும் சேர்த்து.

கட்டால்டோவில் பாதையிலிருந்து சற்று விலகி, குன்றின் மேல் ஒரு தேவாலயம். ஐடஹோவிலேயே பழைய கட்டடம் அதுதான். 1850களின் தொடக்கத்தில் பூர்வகுடிகளும் யேசு சபைப் பாதிரியார்களும் சேர்ந்து ஆணி இல்லாமல் கட்டியது. உள்ளே இருக்கும் சரவிளக்குகள் தகர டப்பாவை வெட்டிச் செய்தவை. கண்ணாடி, பளிங்கு எதுவும் இல்லாமலே அழகாக இருந்தது.

மதியத்துக்கு மேல் கெல்லாக். பாதையோர பெஞ்சில், அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி நாயோடு உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார், இடம் கொடுத்தார். வழியில் பார்த்த காரீய எச்சரிக்கைப் பலகையைப் பற்றி நான் கேட்டதும், "சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள்" என்றார், கையை நீட்டிக் காட்டி. 1973 செப்டம்பரில் இந்த ஊர் உருக்காலையின் புகை வடிகட்டும் கூடத்தில் தீப்பிடித்தது. காரீயத்துக்கு நல்ல விலை இருந்த நேரம். வடிகட்டி சரியாவதற்கு முன்பே ஆலை தொடர்ந்து ஓடியது. மறு வருடம் சோதித்தபோது, ஆலையைச் சுற்றி ஒரு மைலுக்குள் இருந்த ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் ரத்தத்திலும் ஆபத்தான அளவுக்குக் காரீயம் இருந்தது. 1981இல் ஆலை மூடப்பட்டது. ஊருக்கு வேலையும் போனது. அப்புறம் வீட்டுத் தோட்டங்களின் மேல்மண்ணையெல்லாம் தோண்டி மாற்றினார்கள். கோபமாக அவர் எதுவும் சொல்லவில்லை. "இப்போது என் பேத்தி இந்தப் பாதையில்தான் சைக்கிள் பழகுகிறாள்" என்றார். மகள் தன்னிடம் இருந்த கடைசி முறுக்குப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்தாள்.

அங்கிருந்து வாலஸ் வரை மெல்லிய ஏற்றம், எதிர்காற்று, பக்கத்திலேயே நெடுஞ்சாலை இரைச்சல். அந்தப் பகுதி அலுப்புதான். வாலஸ் மட்டும் கண்ணுக்கு விருந்து. செங்கல் கட்டடங்கள் நிறைந்த அதன் கடைவீதி முழுதும் பாதுகாக்கப்பட்ட பகுதி. 1910 ஆகஸ்டில் மலைக்காடெல்லாம் எரிந்த பெருந்தீயில் இந்த ஊரின் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரு விடுதியில் குளித்துவிட்டுப் படுத்ததுதான் தெரியும்.

மூன்றாம் நாள் காலை பன்னிரண்டு கிலோமீட்டரில் மல்லன். தார் ஒரு சின்ன வாகன நிறுத்தத்தில் முடிந்துவிடுகிறது. வேன் வர இன்னும் நேரம் இருந்தது. மகள் பழைய துண்டை நனைத்து, தன் சைக்கிளின் இரண்டு டயரையும் கோடு கோடாகத் துடைத்தாள். பிறகு என்னுடையதையும். ஷூவைக் கழற்றித் தாரின் மேலேயே தட்டினாள். துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டு, "அப்பா, கையைக் காட்டு" என்று மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினாள்.